இந்தத் துப்பாக்கி சுடுமா?

காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்றொரு பழைய அரண்மனை. நேபாள அரசின் ஆயுதக் கிடங்காகத் தலைமுறை தலைமுறையாக இருந்த இடம். 2003இல் அங்கே குவிந்து கிடந்ததை மொத்தமாக விலைபேசி முடித்தார் கிறிஸ்டியன் கிரான்மர் என்ற பழம்பொருள் வியாபாரி. அட்லாண்டா கட்லரி என்ற அமெரிக்க நிறுவனம் அவருக்குக் கூட்டு. அந்தக் கிடங்கின்மீது கிரான்மர் முப்பது வருடமாகக் கண் வைத்திருந்தார். உள்ளே 50,000 துப்பாக்கிகளுக்கு மேல் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்கள் தோளில் சுமந்த பிரவுன் பெஸ், விக்டோரியா காலத்து மார்ட்டினி-ஹென்றி, போதாக்குறைக்கு நேபாளத்திலேயே கையால் செய்த கெஹேந்திரா ரைஃபிள்கள். கடைசியாகச் சொன்னதை வடிவமைத்தவர் அந்நாட்டின் ஜெனரல் கெஹேந்திர ஷம்ஷேர் ராணா. உடம்பில் எண்கள் தேவநாகரியில் வெட்டப்பட்டிருக்கும். எல்லாம் கைவேலை என்பதால் ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது.

எல்லாம் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. துடைத்தது ஒரு விலை, தூசோடு கிடப்பது ஒரு விலை என்று ஒவ்வொன்றாக விற்பனைக்கு வந்தன. மத்தியச் சட்டப்படி வாங்குகிறவர் லைசென்ஸ் காட்ட வேண்டியதில்லை. பார்சல் நேராக வீட்டு வாசலுக்கே வந்து இறங்கலாம். ஏனென்றால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அவை துப்பாக்கிகளே அல்ல.

அதே கெஹேந்திராவை யாராவது சோனௌலி எல்லை வழியாகக் கோரக்பூருக்குக் கொண்டுவந்திருந்தால், ஆள் உள்ளே போயிருப்பார்.

பழைய துப்பாக்கி சேகரிப்பதில் உள்ள விசித்திரமே இதுதான். நாணயம் சேர்ப்பவருக்கும் தபால்தலை சேர்ப்பவருக்கும் பொருளைப் பற்றித் தெரிந்தால் போதும். துப்பாக்கி சேர்ப்பவர் முதலில் சட்டத்தைப் படிக்க வேண்டும். ஒரு துப்பாக்கி எந்தக் கட்டத்தில் ஆயுதம் என்ற நிலையிலிருந்து விலகி வெறும் பழம்பொருள் ஆகிறது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. சில பதில்கள் புத்திசாலித்தனமானவை, சில வேடிக்கையானவை. நம்முடையது எந்த வகை என்பதைப் பிறகு பார்ப்போம்.

1898க்கு முன், 1898க்குப் பின்

அமெரிக்கா பிறந்த வருடத்தைக் கேட்கிறது. 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதை ‘ஆன்டிக்’ என்று ஒதுக்கிவைத்துவிட்டது. அது நன்றாகச் சுடுமா, இன்றைக்கும் கடையில் தோட்டா கிடைக்குமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. ஒரே தொழிற்சாலை, ஒரே மாடல், அடுத்தடுத்த எண்கள். 1898 டிசம்பரில் வெளிவந்தது பழம்பொருள், 1899 ஜனவரியில் வெளிவந்தது துப்பாக்கி. அதனால் அங்கே சேகரிப்பாளர்கள் தொழிற்சாலைகளின் பழைய எண் பதிவேடுகளைப் பஞ்சாங்கம் போலக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள்.

இதில் பின்லாந்து ரைஃபிள்களின் கதை தனி ரகம். எம்39 என்ற ரைஃபிளை ஃபின்னியர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செய்தார்கள். புதிதாக உடற்கூடு (குழலும் விசையும் பொருந்தும் நடுப்பகுதி) செய்யாமல், ரஷ்யர்களிடமிருந்து வந்த பழைய மோசின்-நாகன் ரைஃபிள்களின் உடற்கூட்டையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவற்றில் சில 1890களில் செய்யப்பட்டவை. அமெரிக்கச் சட்டம் பார்ப்பது உடற்கூட்டின் வருடத்தை. ஆகவே குழல் 1940களைச் சேர்ந்தது, கட்டை 1940களைச் சேர்ந்தது, ஆனாலும் முழுத் துப்பாக்கியும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழம்பொருள்! கட்டையைக் கழற்றி, உடற்கூட்டின் அடிவாலில் பொறித்திருக்கும் வருடத்தை டார்ச் அடித்துப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள்.

1898க்குப் பிந்தையதைச் சேர்க்க விரும்புகிறவருக்கும் வழி உண்டு. 50 வயதைத் தாண்டிய துப்பாக்கிகளுக்கென்றே சேகரிப்பாளர் லைசென்ஸ் ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 30 டாலர். வாங்கியதையும் விற்றதையும் ஒரு நோட்டில் முறையாக எழுதி வைக்க வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனித்தனியாகக் கெடுபிடி செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அசலுக்கு வழியில்லாதவர்கள் நகலுக்குப் போகிறார்கள். 1961இல் வரவிருந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். போர்க்களக் காட்சிகளை உடையணிந்து நடித்துக் காட்டும் குழுக்கள் பெருகின. அத்தனை பேருக்கும் அசல் துப்பாக்கிக்கு எங்கே போவது? வால் ஃபார்கெட் என்ற அமெரிக்க வியாபாரி இத்தாலிக்குப் போனார். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் வால் ட்ரோம்பியா என்ற பள்ளத்தாக்கு. 1526இல் வெனிஸ் ஆயுதசாலைக்கு பெரெட்டா குடும்பம் 185 குழல்கள் செய்துகொடுத்ததற்கு ரசீது வைத்திருக்கும் ஊர் அங்கேதான் இருக்கிறது. நானூறு வருடத் தொழில். பழைய கோல்ட் ரிவால்வரைக் காட்டி “இதே மாதிரி வேண்டும்” என்றதும் செய்துகொடுத்துவிட்டார்கள். 1957இல் பெடர்சோலி, 1959இல் உபெர்டி என்று நகல் துப்பாக்கிகளுக்கே கம்பெனிகள் முளைத்தன. கௌபாய் சினிமாக்களில் கதாநாயகன் இடுப்பில் தொங்கும் ரிவால்வர்களில் பாதி இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவை என்றே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த நகல்கள் சும்மா பொம்மை இல்லை, சுடக்கூடியவை. கார்டோனே ஊரின் அரசு சோதனைச் சாலையில் ஒவ்வொன்றிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து கெட்டித்து வெடித்துப் பார்த்து, தாங்கினால் மட்டுமே முத்திரை குத்துவார்கள். ஆனால் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டு நிரப்பும் பழைய முறை என்பதால், நேற்றுச் செய்த நகலும் அமெரிக்க மத்தியச் சட்டப்படி ‘ஆன்டிக்’ கணக்கில்தான் சேரும்.

ஒன்றரை மில்லிமீட்டர்

இத்தாலி நகல் விலை அதிகம். மலிவாக வேண்டும் என்கிறவர்கள் கைக்கு வருவது எந்த ஊர்ச் சரக்கு தெரியுமா? இந்தியச் சரக்கு. வாட்டர்லூ போரையும் அமெரிக்கச் சுதந்திரப் போரையும் மைதானங்களில் மறுபடி நடித்துக் காட்டுகிறவர்களில் கணிசமானோர் தோளில் இருப்பது இங்கே செய்து ஏற்றுமதியான பிரவுன் பெஸ். இருநூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்து இறக்கிய அதே துப்பாக்கியை இப்போது நாம் அவனுக்குச் செய்து அனுப்புகிறோம்.

இதில் ஒரு நுணுக்கம். சக்கிமுக்கித் துப்பாக்கியில், சுத்தியல் மாதிரி நிற்கும் ‘குதிரை’யின் வாயில் ஒரு கல்லைத் தோல் சுற்றி இறுக்கியிருப்பார்கள். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும். பொறி பறந்து கீழே கிண்ணியிலுள்ள மருந்தில் விழும். அது பற்றிக்கொண்டதும் தீ உள்ளே போக வேண்டும் அல்லவா? அதற்காகக் குழலின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. அகலம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். சாக்குத் தைக்கும் கோணி ஊசி நுழையும் அளவு. அந்தத் துளை இருந்தால்தான் உள்ளே கெட்டித்த மருந்து வெடிக்கும். இல்லையென்றால் வெளியே குபீரென்று புகை மட்டும் கிளம்பும்.

இந்தியாவிலிருந்து போகும் மஸ்கெட்டுகளில் அந்தத் துளை மட்டும் போட்டிருக்காது. மற்ற எல்லாம் இருக்கும். பூட்டு வேலை செய்யும், கல் பொறி கக்கும், கட்டை எண்ணெய் மினுக்கோடு இருக்கும். துளை இல்லாத வரை அது சுடும் கருவி அல்ல, கைவினைப் பொருள். அங்கே போன பிறகு, வேண்டியவர்கள் உள்ளூர்த் துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்துத் துளைத்துக்கொள்கிறார்கள். சோதனைச் சாலை முத்திரை இல்லாத குழலில் மருந்து கெட்டிப்பது பத்திரமா என்று அவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. என்னைக் கேட்டால், முத்திரை இல்லாத குழலுக்குப் பக்கத்தில் முகத்தை வைக்கச் சொன்னால் மாட்டேன் என்பேன்.

அதே துளையை இங்கே போட்டால்? 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்ற லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம். துளையிடும் இயந்திரம் சுற்றும் அந்த அரை நிமிடத்தில் அலங்காரப் பொருள் கள்ளத் துப்பாக்கி ஆகிவிடும். சுவரில் மாட்டிய பொம்மைதானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. கைதாவதைத் தடுக்கப் போலித் துப்பாக்கியை நீட்டினாலே 28ஆவது பிரிவில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு.

தோட்டாவைக் கேட்கும் நாடு, காகிதத்தைக் கேட்கும் நாடு

பிரிட்டன் வருடத்தைவிட முக்கியமாகத் தோட்டாவைப் பார்க்கிறது. இன்று யாரும் தயாரிக்காத தோட்டாவுக்கென்று செய்த பழைய துப்பாக்கியை ‘அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ’ வைத்துக்கொண்டால் 1968 சட்டத்தின் கெடுபிடிகள் பொருந்தாது. வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியல் ஒன்றை அரசு வைத்திருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தோட்டா இல்லாவிட்டால் துப்பாக்கி இரும்புக் குழாய்தானே?

அப்படி நினைத்தது தவறு என்று காட்டியது ஒரு வழக்கு. பழைய துப்பாக்கிகளைச் சட்டப்படி இறக்குமதி செய்துவந்த ஒரு வியாபாரி, கடையில் கிடைக்காத அந்தத் தோட்டாக்களைத் தன் பட்டறையிலேயே செய்து குற்றக் கும்பல்களுக்கு விற்றார். கைத்தொழில் சுத்தமாக இருந்ததே அவருக்கு வினையாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட குற்ற இடங்களில் அவர் செய்த தோட்டாக்கள் சிக்கின. 2017இல் 30 வருடச் சிறை. அரசு விழித்துக்கொண்டது. 2021 மார்ச் 22 முதல் புதிய விதிகள் வந்தன. பட்டியலிலிருந்து ஏழு தோட்டா வகைகள் நீக்கப்பட்டன. துப்பாக்கி 1939 செப்டம்பருக்கு முன் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அதுவரை வரவேற்பறையில் நிம்மதியாகத் தொங்கிய ரிவால்வர்களுக்கு ஆறு மாத அவகாசம். லைசென்ஸ் எடு, இல்லை ஒப்படை. ஒருவர் செய்த அக்கிரமத்துக்கு மற்ற சேகரிப்பாளர்கள் அழுத தண்டம் அது.

ஜப்பானின் வழி எல்லாவற்றிலும் வேறு. உலகிலேயே கடுமையான துப்பாக்கிச் சட்டங்களில் ஒன்று அந்த நாட்டுடையது. ஆனாலும் டோக்கியோவின் பழம்பொருள் கடையில் நுழைந்து, பதினேழாம் நூற்றாண்டுத் திரித் துப்பாக்கி ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். 1543இல் தனேகாஷிமா தீவில் ஒதுங்கிய போர்ச்சுக்கீசியர்கள் மூலம் அவர்கள் கற்றுக்கொண்ட துப்பாக்கி அது. 1867ஆம் ஆண்டு வரையிலான பழைய துப்பாக்கிகளுக்கு ஒரு பதிவுச் சான்று உண்டு. கொடுப்பது போலீஸ் அல்ல, மாகாணக் கல்வி வாரியம்! அந்தச் சான்று ஆளுக்கு அல்ல, துப்பாக்கிக்கு. நீளம், குழல் அளவு, பொறித்த எழுத்து எல்லாம் அதில் இருக்கும். துப்பாக்கி கைமாறினால் காகிதமும் கூடவே போகும். புதிய சொந்தக்காரர் 20 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கு அனுமதி தனி. மாடல் துப்பாக்கிகள் விஷயத்தில் மட்டும் ஜப்பானியர்கள் கறார். உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கி நகல் என்றால் குழலை அடைத்திருக்க வேண்டும், வெள்ளையோ மஞ்சளோ பூசியிருக்க வேண்டும்.

நம் ஊர்

இந்தியாவில் பழைய துப்பாக்கி ஏன் இவ்வளவு பெரிய தலைவலி என்றால், இங்கே ஆயுதச் சட்டம் பிறந்ததே ஆயுதத்தைப் பிடுங்குவதற்காக. தமிழகத்தில் அது மற்ற இடங்களைவிடச் சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடைவிதித்துச் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளை இடித்தார்கள், துப்பாக்கிகளையும் ஈட்டிகளையும் வாரிக்கொண்டு போனார்கள். 1855இல் தஞ்சை அரசு முடிந்தபின் அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. அதில் மிஞ்சிய ஒரு பகுதியை இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தெற்குச் சீமையில் பாளையக்காரர் காலத்துத் திரித் துப்பாக்கி அரிதாகக் கண்ணில் படுவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

1857க்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு வந்த பயத்தின் அடையாளத்தைத் துப்பாக்கியிலேயே தொட்டுப் பார்க்கலாம். இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாடல் என்ஃபீல்டு ஒன்று செய்தார்கள். வெளியே பார்த்தால் வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. குழலின் வாய்க்குள் விரலை விட்டால் தெரியும். குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் திருகுப் பள்ளங்கள் உள்ளே இல்லை, வழுவழுவென்று இருக்கும். தூரம் போனால் குறி தவறும். நம்பிக்கை இல்லாதவன் கையில் குறி தவறும் துப்பாக்கி. இந்த ஒரு மாடலுக்காகவே எந்த விலையும் கொடுக்கிற சேகரிப்பாளர்கள் உண்டு.

1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையைக் கட்டியது. விதிவிலக்காக நின்றவர்கள் குடகர்கள். 1861இலேயே அவர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டது கம்பெனிக்குப் பின் வந்த அரசு. அது இன்றுவரை தொடர்கிறது. கொடவ இனத்தவரும் ஜம்மா என்ற பரம்பரை நிலத்தின் உரிமையாளர்களும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில், நாற்று நடவு முடிந்த கையோடு கைல்போத் பண்டிகை. துப்பாக்கிகளைத் துடைத்து, சந்தனம் வைத்து, பூஜையறையில் சார்த்துவார்கள். குழல் வாயில் செருகும் பூ எது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தள். தாத்தா சுட்ட துப்பாக்கி பேரன் கையில் பளபளப்பாக, வேலை செய்யும் நிலையில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மடிக்கேரிப் பக்கம்தான் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு 1959 சட்டம். அதன் 45ஆவது பிரிவு சேகரிப்பாளர்களுக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. வழக்கொழிந்த வகை, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அது சுடக்கூடாது. அமெரிக்கா “எப்போது பிறந்தாய்?” என்று கேட்கிறது. நாம் “செத்துவிட்டாயா, பிழைக்க வாய்ப்பில்லையா?” என்று கேட்கிறோம். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். முன்னூறு வருடத் துப்பாக்கியை ஒருவர் எண்ணெய் போட்டு, துரு ஏறாமல் காப்பாற்றி வைத்தால் அது லைசென்ஸ் வேண்டிய ஆயுதம். பூட்டை உடைத்து, குழலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினால் அது சட்டப்படியான அரும்பொருள். பாதுகாத்தவனுக்குத் தொல்லை, கெடுத்தவனுக்கு நிம்மதி.

லைசென்ஸ் எடுத்தே வைத்துக்கொள்கிறேன் என்றாலும் எண்ணிக்கை இடிக்கும். 1983 வரை வரம்பு கிடையாது. பிறகு ஒருவருக்கு மூன்று என்று வந்தது. 2019 திருத்தம் அதை இரண்டாக்கியது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் அடக்கம். ஜமீன் வீடுகளில், சென்னை ஓக்ஸ், பி. ஆர் அண்ட் சன்ஸ் கடைகளின் பெயர் பொறித்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ஜோடி ஜோடியாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வீடுகளில் இரண்டுக்கு மேல் இருந்ததையெல்லாம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து வருடம் வரை சிறை என்று தண்டனையையும் அதே திருத்தம் கூட்டியது.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் கொஞ்சம் இறங்கிவந்தது. ‘கியூரியோ’ வகைச் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விதியைத் திருத்தினார்கள். சுடவும் வெளியே எடுத்துச் செல்லவும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸில் குறிப்பு இல்லாமல் அதற்குத் தோட்டா விற்கவும் கூடாது. நல்ல திருத்தம்தான். ஆனால் வீட்டில் வைத்திருக்கலாம், பக்கத்து ஊருக்குக் கொண்டுபோக முடியாது என்றால், மதுரையில் வாங்கியது திருச்சிக்கு எப்படி வந்து சேரும்? அடுத்ததாக, உங்கள் துப்பாக்கி கியூரியோதான் என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டால் அது செல்லாது. லைசென்ஸ் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்திருப்பதே பத்திரம். வாய்வார்த்தையாகச் சொன்ன இன்ஸ்பெக்டர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விடுவார்.

சேகரிப்பு ஏற்றுமதி வியாபாரமாக மாற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். 100 வருடத்தைக் கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. இதிலும் ஒரு வேடிக்கை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் பட்டறையில் செய்த பறவை வேட்டைத் துப்பாக்கி ஒன்று பிரிட்டனில் இருந்தது. காரன்வாலிஸ் கைக்குப் போன துப்பாக்கி, மதிப்பு 20 லட்சம் பவுண்டு. 2023இல் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப விடாமல் தற்காலிகத் தடை போட்டது பிரிட்டிஷ் அரசு, தன் நாட்டுப் பாரம்பரியம் பறிபோய்விடக் கூடாதாம்!

முத்திரையைப் படிப்பவர்கள்

விலை இந்த உயரத்துக்குப் போனால் போலி வராமலா இருக்கும்? 2015இல் லண்டன் போனம்ஸ் ஏலத்தில் திப்புவின் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று 7,22,500 பவுண்டுக்குப் போனது. பூட்டிலும் குழலிலும் புலி வரி. திப்புவே புகுத்திய ஆண்டுக் கணக்கில் பொறித்த வருடம். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான்.

சாதாரணச் சேகரிப்பாளர் படிக்க வேண்டியது கம்பெனி முத்திரை. பிரவுன் பெஸ்ஸின் பூட்டுத் தகட்டில், நான்காகப் பிரித்த இதய வடிவம் இருந்தால் அது 1808க்கு முந்தைய கம்பெனிச் சரக்கு. பின்னங்காலில் நிற்கும் சிங்கம் இருந்தால் அதற்குப் பிந்தையது. மார்ட்டினி-ஹென்றியில் ‘வி.ஆர்.’ என்ற எழுத்தும் கிரீடமும் இருக்கும். விக்டோரியா ராணியைக் குறிப்பது. அதன் கீழே 1919 என்று வருடம் பொறித்திருந்தால்? ராணி 1901லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கைபர் கணவாய்ப் பட்டறைகளில் ஆங்கிலம் தெரியாத கொல்லர்கள் பார்த்துப் பார்த்து வெட்டியவை இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். என்ஃபீல்டு என்ற பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று திரும்பி நிற்கும். ஆப்கானிஸ்தான் சந்தைகளில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆசையாக வாங்கிப்போன பல ‘விக்டோரியா காலத்து’ ரைஃபிள்களின் லட்சணம் இது. ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் போலிகளும் கைவேலைதான், அவற்றுக்கும் வரலாறு உண்டு. போலியென்று தெரிந்தே சேர்க்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான்கு நாடுகளின் பதில்களையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஜப்பானுக்கு. ஒவ்வொரு பழைய துப்பாக்கிக்கும் ஒரு காகிதம், அதில் அதன் அடையாளம், கைமாறினால் ஒரு தகவல். இதைச் செய்யத் தொல்லியல் துறையால் முடியும். அப்படிச் செய்தால் எங்கே என்ன இருக்கிறது என்று அரசுக்கும் தெரியும், உடைத்துக் கெடுக்க வேண்டிய கட்டாயம் வீட்டுக்காரருக்கும் இருக்காது. இப்போதைய நிலையில் பயந்துபோன குடும்பங்கள் தாத்தாவின் துப்பாக்கியைக் கிணற்றில் போடுவதும், பழைய இரும்புக்குத் துண்டு போட்டுக் கொடுப்பதும்தான் நடக்கும்.

பரணில் அப்படி ஒன்று உங்கள் கையில் தட்டுப்பட்டால் செய்ய வேண்டியது சில காரியங்கள். முதலில், விசையைத் தொடாதீர்கள். வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளை நிரப்பியபடியே சுவரில் சாய்த்துவைப்பது அந்தக் காலப் பழக்கம். ஈரம் படாத கருமருந்து எத்தனை வருடமானாலும் வெடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரை போனால் மதிப்பும் போயிற்று. பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பாதீர்கள், வழியில் மடக்கினால் பதில் சொல்ல முடியாது. எழுத்தில் தகவல் கொடுத்து, போலீஸை வரச் சொல்லுங்கள். லைசென்ஸ் எடுத்த ஆயுத வியாபாரியிடம் ரசீது வாங்கிக்கொண்டு டெபாசிட் வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயதாகிவிட்டாலோ, 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்றித் தர 2016 விதிகளில் வழி உண்டு. வீட்டில் வயதான லைசென்ஸ்தாரர் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் அது பத்திரங்களோடு டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கும்.